காதுக்கு ஒரு டிக்கெட்: மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம்

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊரில், மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிகள் மோதும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு டிக்கெட் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மைதானத்தின் நடுவிலுள்ள ஐம்பது யார்டு கோட்டுக்கு நேரே இடம் கிடைக்குமா? அந்த இடத்துக்குத்தான் விலையும் அதிகம். ஆனால் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதற்கு வீட்டு டிவியே போதும். பந்து எங்கே போகிறது என்பது அதில் இன்னும் தெளிவாகத் தெரியும். டிவியால் தர முடியாதது ஒன்று இருக்கிறது. 1898இல் ஒரு மாணவர் எழுதிய மார்ச் பாட்டை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டைகள் ஒரே நேரத்தில் பாடுவதைக் குழிபோன்ற ஸ்டேடியத்துக்குள் உட்கார்ந்து கேட்பது. இந்த டிக்கெட்டை அதற்காக வாங்குங்கள். பல்கலைக்கழகப் பேண்டு உட்காரும் பகுதிக்கு அடுத்த பகுதியில், நடு உயரத்தில் கிடைக்கும் இடம், ஐம்பது யார்டு இடத்தைவிட மேலானது. ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் தேதி. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆட்டம் ஆன் ஆர்பரில், இரட்டைப்படை ஆண்டுகளில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமை. பெரும்பாலும் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கே பெரும்பாலான இடங்கள் போய்விடும் என்பதால், வெளியாட்கள் மறுவிற்பனையில்தான் வாங்க வேண்டியிருக்கும். செப்டம்பரில் வரும் சிறிய அணிகளின் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு.

ஸ்டேடியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1927 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி நடந்த முறையான திறப்பு விழாவில் எதிரே ஆடியது ஒஹாயோ ஸ்டேட்தான், மிச்சிகன் 21–0 என்று வென்றது. இன்றைய கொள்ளளவு 107,601. கடைசியில் வரும் அந்த '1', முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லருக்காக ஒதுக்கிய இருக்கை என்பது ஊர் வழக்கு. 1975 நவம்பரிலிருந்து, கொரோனா ஆண்டான 2020ஐத் தவிர, இங்கே எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதில்லை. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிக் கட்டிய கிண்ணம் என்பதால் வெளியே சாலையிலிருந்து பார்த்தால் இவ்வளவு பெரியது என்று தெரியாது. உள்ளே நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் படியேறுவதில்லை, இறங்குகிறார்கள்.

இனி பாட்டு. பெயர் 'தி விக்டர்ஸ்'. எழுதியவர் லூயி எல்பெல், இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊர்க்காரர், அப்போது மிச்சிகன் மாணவர். 1898 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் நாள், சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைதானம். சார்லஸ் விட்மன் நெடுந்தூரம் ஓடி அடித்த டச்டவுனால் (எதிரணியின் கோல் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) மிச்சிகன் 12–11 என்று வென்று, மேற்கு மாநாட்டில், அதாவது அந்த வட்டாரப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில், தன் முதல் பட்டத்தைக் கைப்பற்றியது. அன்றைய கணக்கில் டச்டவுனுக்கு 5 புள்ளி, அதன்பின் உதைக்கு 1. ஆக 12 என்பது இரண்டு முழு டச்டவுன். வெற்றி ஊர்வலத்தில் மிச்சிகன் பேண்டு வாசித்தது அந்தக் காலத்துத் துள்ளல் பாட்டு ஒன்றை. எந்த ஊர் கொண்டாட்டத்திலும் வாசிப்பார்களே, அந்த வகை. இப்படிப்பட்ட வெற்றிக்கு இன்னும் கம்பீரமான பாட்டு வேண்டும் என்று எல்பெலுக்குத் தோன்றியது. சிகாகோவில் மெட்டு பிறந்தது, ஆன் ஆர்பர் திரும்பும் ரயிலில் முடிந்தது என்பார்கள். 1899இல் ஜான் ஃபிலிப் சூசாவின் பேண்டு ஆன் ஆர்பருக்கு வந்தபோது அதை வாசித்தது. ஒரு மாணவன் எழுதிய மார்ச்சை மார்ச் இசையின் அரசர் என்று பெயர் பெற்றவரே வாசித்தால், அதன்பின் யார் அதைக் கைவிடுவார்கள்?

ஆனால் கைவிட்டார்கள்! பாட்டின் கடைசி வரி மிச்சிகனை 'மேற்கின் சாம்பியன்கள்' என்கிறது. அன்று 'மேற்கு' என்றால் கலிஃபோர்னியா இல்லை. சிகாகோவைச் சுற்றியுள்ள இன்றைய மிட்வெஸ்ட். ஆட்டங்களின் எண்ணிக்கையையும் மாணவர்கள் ஆடக்கூடிய ஆண்டுகளையும் குறைத்து மாநாடு கொண்டுவந்த விதிகளை ஏற்காமல் 1907இல் மிச்சிகன் வெளியேறியது. மேற்கிலேயே இல்லாத அணி மேற்கின் சாம்பியன் என்று எப்படிப் பாடும்? அந்தச் சங்கடத்தில் 1911இல் 'வார்சிட்டி' என்ற இன்னொரு பாட்டை எழுதிக்கொண்டார்கள். 1917இல் மாநாட்டுக்குத் திரும்பியதும் பழைய பாட்டு பழைய இடத்துக்கு வந்தது. 'வார்சிட்டி'யை இன்றும் ஸ்டேடியத்தில் வாசிக்கிறார்கள். நல்ல பாட்டுதான், ஆனால் அது வாசிக்கும்போது மக்கள் எழுந்து நிற்பதும் முஷ்டி உயர்த்துவதும் அதே வேகத்தில் நடப்பதில்லை.

எந்த எதிரியை வென்றதால் இந்தப் பாட்டு பிறந்ததோ, அந்த எதிரியும் களத்தில் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1939 சீசனோடு பெரிய ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. எல்பெல் கேட்ட ஆரவாரம் எழுந்த அந்த மைதானம் பின்னால் ஸ்டாக் ஃபீல்டு என்று பெயர் மாறியது. 1942 டிசம்பர் 2 அன்று அதன் மேற்குப் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கரு தொடர்வினை நடந்தது. பாட்டு மட்டும் ஆன் ஆர்பரில் இருக்கிறது, வேறோர் எதிரியின் முகத்துக்கு நேரே பாடப்படுகிறது. அதற்கு முக்கியமான காரணம், பாட்டில் சிகாகோ என்ற பெயரே கிடையாது. யாரை வென்றோம் என்று சொல்லாமல் வென்றதை மட்டும் சொல்கிறது. அதனால் எந்தச் சனிக்கிழமையும் அதற்குப் பொருந்தும்.

இதற்கு நேரெதிர் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம். முதல் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் காவல் பணியில் இருந்த ஜே. வி. வில்சன் என்ற மாணவ வீரர் எழுதிய அவர்களின் போர்ப்பாட்டு, டெக்சஸ் பல்கலைக்கழகத்தை வெளிப்படையாகச் சீண்டுகிறது. அந்த அணியின் சின்னமான காளையின் கொம்பை அறுப்போம் என்று பாடி, தோளோடு தோள் கோத்து இடமும் வலமுமாக ஆடுவார்கள். 2012இல் ஏ அண்டு எம் வேறு மாநாட்டுக்குப் போனதும் இரண்டு அணிகளும் மோதுவதே நின்றுபோனது. 2024 நவம்பர் 30 அன்று மீண்டும் சந்திக்கும்வரை, எதிரே இல்லாத ஒருவரின் கொம்பை வாரந்தோறும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மறுசந்திப்பில் டெக்சஸ் 17–7 என்று வென்றது.

ஸ்டேடியத்துக்குப் போகுமுன் பாட்டைக் கற்றுக்கொண்டு போங்கள். பதினைந்து நிமிடம் போதும். பல்லவியின் மெட்டு நம் காதுக்கு மிகவும் எளிது. முதல் வரியை ஸ்வரத்தில் சொன்னால் க, ஸ-ரி-க, ஸ-ரி-க. இரண்டாம் வரி அதையே ஒரு படி மேலே தூக்கி வைக்கிறது: ம, ரி-க-ம, ரி-க-ம. அடுத்தடுத்த மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே இந்த இரண்டு வரியும் நின்றுவிடுவதால், பாடத் தெரியாதவரும் சுருதி தவறாமல் பாடிவிடலாம். ஒரு லட்சம் பேர் பாடும் பாட்டுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டாம். ஜார்ஜ் ரோசன்பெர்க் என்பவர் 1898இலேயே பதிவு செய்த ஒரு மார்ச்சின் மூன்றாம் பகுதி இதற்கு மிக நெருங்கியிருக்கிறது என்பது இசை அறிஞர்கள் சுட்டிக்காட்டும் விஷயம். இவ்வளவு எளிய மெட்டு இன்னொருவர் கையிலும் விழுந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் முஷ்டி உயர்த்த இடம் விட்டு அந்த வார்த்தைகளை அமைத்தது எல்பெல்தான்.

வார்த்தைகளில் மூன்று இடத்தில் புதியவர்கள் சறுக்குகிறார்கள். முதல் வரி 'விக்டர்ஸ் வேலியண்ட்'. அதில் 'விக்டர்ஸ்' என்பதை 'விக்டோரியஸ்' என்று பாடினால் அசை கூடிவிடும், தாளத்தில் உட்காராது. இரண்டாம் வரியில் வருவது 'கான்க்ரிங்', இரண்டே அசை. அகராதியில் உள்ளபடி மூன்று அசையாக இழுக்கக் கூடாது. முதல் சுற்று 'லீடர்ஸ் அண்டு பெஸ்ட்' என்று முடியும், இரண்டாவது சுற்றுதான் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி வெஸ்ட்' என்று முடியும். இரண்டையும் மாற்றிப் பாடினால் பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும். பல்லவியில் 'ஹெயில்' எட்டு முறை வரும். ஒவ்வொன்றுக்கும் வலது முஷ்டி மேலே போக வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து வருவதால் கையை முழுதாக இறக்காமல் அரைவழியிலிருந்தே மறுபடி உயர்த்துவார்கள். முன்வரிசைக்காரர் தொப்பியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

டச்டவுன் அடித்தபின் வாசிப்பது இந்தப் பல்லவியை மட்டும். முழு மார்ச்சுக்கு முன்னுரை, இரண்டு தனிப் பகுதிகள் எல்லாம் உண்டு. அவை கேட்க வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு முந்தைய நிகழ்ச்சிக்கு இடத்தில் இருக்க வேண்டும். குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னால் இருக்கையை அடைந்துவிடுங்கள். கிழக்குப் பக்க நடுவிலுள்ள சுரங்க வழியிலிருந்து பேண்டு ஓடி வரும். பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் உயரத் தொப்பியோடு பின்னால் வளைந்து, தொப்பியின் உச்சி புல்லைத் தொடும்வரை போவார். சுற்றியிருக்கும் ஒரு லட்சம் பேர் சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். தொட்டதும் எழும் சத்தம் டச்டவுனுக்கு எழுவதற்குக் குறைந்ததில்லை. பின் பெரிய 'எம்' எழுத்தாக அணிவகுத்து மைதானத்தை நீளவாக்கில் கடந்து வருவார்கள், முழு மார்ச்சும் ஒலிக்கும். கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டு இதைத் தவறவிடுகிறவர்கள் டிக்கெட் மதிப்பில் பாதியை வெளியே விட்டுவிடுகிறார்கள் என்பதே எங்கள் கணிப்பு.

இப்போது இருக்கை. கோல் பகுதிகளையும் சேர்த்து மைதானம் 120 யார்டு, ஏறக்குறைய 110 மீட்டர். இருபுறப் படிகளையும் சேர்த்தால் பேண்டுக்கும் எதிர்முனையின் மேல்வரிசைக்கும் நடுவே சுமார் 200 மீட்டர் வரும். உறைநிலைக் குளிரில் ஒலி நொடிக்கு 331 மீட்டர்தான் போகும். ஆக எதிர்முனைக்குப் பாட்டு 0.6 நொடி தாமதமாகச் சேரும். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் மார்ச் நடையில் ஓர் அடி அரை நொடி. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஓர் அடிக்கும் மேலே பின்தங்கிவிடுகிறார். அவர் காதில் விழுவதைக் கேட்டுப் பாடினால் அவருடைய குரல் பேண்டுக்குத் திரும்ப இன்னொரு 0.6 நொடி. ஸ்டேடியம் முழுவதும் ஒரே குரலாகப் பாடுவதாக டிவியில் தோன்றுவது மைக் வைக்கும் இடத்தால். உண்மையில் பாட்டு ஓர் அலைபோல மைதானத்தைக் கடக்கிறது. எதிர்முனையில் உட்கார நேர்ந்தால் காதை நம்ப வேண்டாம். பேண்டு பக்கத்துக் கூட்டத்தின் முஷ்டியைக் கண்ணால் பார்த்து அதோடு சேர்ந்து உயர்த்துங்கள்.

அதனால்தான் பேண்டுக்குப் பக்கத்துப் பகுதியைச் சொல்கிறோம். பேண்டுக்கான பகுதி எது என்பது டிக்கெட் வாங்கும்போது வரும் இருக்கை வரைபடத்தில் தெரியும். அதற்கு நேர் பின்னால் வேண்டாம்; பித்தளைக் கருவிகளின் வாய் எல்லாம் மைதானத்தை நோக்கி இருப்பதால், பின்னால் டிரம் மட்டுமே பெரிதாகக் கேட்கும். பக்கவாட்டில் ஒரு பகுதி தள்ளி, கீழிருந்து 30 முதல் 50 வரிசைக்குள் எடுத்தால் டிரம்பெட், டிராம்போன், உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகருவியான சூசஃபோன் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். முதல் பத்து வரிசை மலிவாகக் கிடைத்தாலும் ஓரத்தில் நிற்கும் வீரர்களின் முதுகுதான் தெரியும், ஒலியும் தலைக்கு மேலே போய்விடும். மாணவர் பகுதிக்கு அருகே எடுத்தால் நான்கு கால்பகுதியும் நின்றுகொண்டே பார்க்கத் தயாராக இருங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அங்கே கூட்டிப்போவது சரியில்லை. கிழக்கிலும் மேற்கிலும் 2010இல் எழுப்பிய உயரமான கட்டடங்கள் ஒலியை ஓரளவு உள்ளேயே திருப்பி விடுகின்றன. அதற்கு முன்பு இந்தக் கிண்ணத்தில் சத்தம் மேலே போய்க் கரைந்துவிடும் என்ற குறை இருந்தது.

பெரும்பாலான இருக்கைகள் முதுகு சாய்க்க இடமில்லாத அலுமினிய பெஞ்ச். அதில் எண் மட்டும்தான் இருக்கும். நவம்பரில் எல்லோரும் தடித்த கோட்டோடு வருவதால் உங்கள் எண்ணின் அகலம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது. அலுமினியம் உடல் சூட்டை உறிஞ்சும், கீழே சிமெண்ட் காலிலிருந்து உறிஞ்சும். பல வருடம் வந்து பழகியவர்கள் காலுக்கடியில் போட ஒரு துண்டு அட்டையை மடித்துக் கொண்டுவருவார்கள். காலுறை இரண்டு அடுக்கு போடுவதைவிட இது பலன் தரும். ஷூ இறுகும்படி இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைத்துவிடும். ஆட்டக் கடிகாரம் நான்கு முறை 15 நிமிடம்தான் என்றாலும் இடைவேளை, விளம்பர நிறுத்தம் எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரம் ஆகும். முன்நிகழ்ச்சியையும் சேர்த்தால் நாலரை மணி நேரம் வெளியில். குடை அனுமதி இல்லை, மழைக்கோட்டு மட்டும். பை எதுவும் எடுத்துப் போகாதீர்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் காருக்கு நடந்துபோய் வருவதற்குள் முன்நிகழ்ச்சி முடிந்துவிடும்.

டிக்கெட் கைபேசியில்தான். இங்கேதான் அதிகமானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். லட்சம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது நெட்வொர்க் திணறும், வாசலில் நின்றுகொண்டு டிக்கெட் இறங்குவதற்குக் காத்திருக்க வேண்டிவரும். முந்தைய இரவே கைபேசியின் வாலட்டில் இறக்கி வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கோட்டின் வெளிப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்தால் தாங்கும்.

குளிர் பேண்டையும் விடாது. காற்று குளிர்ந்தால் ஊதுகருவிகளின் சுருதி இறங்கும், ஊதி ஊதிச் சூடாக்கினால்தான் மேலே வரும். நெடுநேரம் வாசிக்காமல் இருந்துவிட்டு ஒரு டச்டவுனுக்குச் சட்டென்று எழுந்து வாசிக்கும்போது, முதல் இரண்டு வரி சற்றே கீழே ஒலித்துப் பின் நிமிர்வதைக் கூர்ந்து கேட்டால் பிடிக்கலாம். எச்சில் ஈரம் உறைந்தால் டிரம்பெட்டின் வால்வு மேலே வராமல் நின்றுவிடும். அதனால் வாசிக்காத நேரத்திலும் மூன்று விரலும் வால்வுகளை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும், வாய்வைக்கும் துண்டைக் கழற்றி உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்வார்கள். பேண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் தெரியும்.

எதிரணியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் நிறைவாகாது. இரண்டு மாநிலங்களும் 1835–36இல் எல்லையிலிருந்த டொலிடோ பட்டை என்ற நிலத்துண்டுக்காகப் படை திரட்டி நின்றவை. ஊர் ஒஹாயோவுக்குப் போனது, ஈடாக மேல் தீபகற்பத்தைப் பெற்றுக்கொண்டு மிச்சிகன் 1837 ஜனவரி 26 அன்று மாநிலமானது. ஆட்டம் 1897இல் தொடங்கியது. ஆனால் பகை இன்றைய சூட்டை அடைந்தது 1969 முதல் 1978 வரையான பத்து ஆண்டுகளில். ஒஹாயோவின் வுடி ஹேய்ஸும், அவரிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்த மிச்சிகனின் போ ஷெம்பெக்லரும் மோதிய காலம் அது. பத்தில் மிச்சிகன் ஐந்து, ஒஹாயோ நான்கு, ஒன்று சமநிலை. 1969இல் மிச்சிகன் 24–12 என்று வென்ற ஆட்டத்தில் தொடங்கிய கணக்கு அது.

ஒஹாயோ ஸ்டேட்டின் பேண்டில் பித்தளையும் தாளக் கருவிகளும் மட்டும். கிளாரினெட், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. அதனால் ஒலி இன்னும் கூர்மை. அவர்களுக்கு இரண்டு சண்டைப் பாட்டு. வில்லியம் டோகர்ட்டி என்ற மாணவர் 1915இல் எழுதிப் பயிற்சியாளர் ஜாக் வில்ஸுக்குக் காணிக்கையாக்கிய 'அக்ராஸ் தி ஃபீல்டு' ஒன்று. மேடைப் பாடகர் ஃபிராங்க் கிரமிட் 1919இல் எழுதிய 'பக்கை பேட்டில் கிரை' இன்னொன்று. முதலாவது 'எதிரே நிற்கும் அணி' என்று கைநீட்டிப் பேசுகிறது, பெயர் சொல்வதில்லை. அதனால் அதுவும் பழசாகவில்லை. மெட்டின் நயத்தில் 'அக்ராஸ் தி ஃபீல்டு' ஒரு படி மேல் என்போம். கூட்டமாகப் பாட எளிது எது என்றால் 'தி விக்டர்ஸ்'தான்.

அவர்களுடைய 'ஸ்கிரிப்ட் ஒஹாயோ'வைப் பார்க்க வாய்த்தால் பாப்கார்ன் வாங்க எழுந்து போகாதீர்கள். பிரெஞ்சு மார்ச் ஒன்றின் இசைக்கு ஒரே வரிசையாகச் சுழன்று சுழன்று மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதுவார்கள். கடைசியில் ஒரு மூத்த சூசஃபோன்காரர் துள்ளி நடந்துபோய் 'ஐ' எழுத்தின் புள்ளியாக நின்று குனிந்து வணங்குவார். 1936 அக்டோபர் 10 அன்று பிட்ஸ்பர்க்குக்கு எதிரான ஆட்டத்தில் முதல்முறை எழுதினார்கள்; அன்று புள்ளி வைத்தது ஒரு டிரம்பெட்காரர். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1932இல், கொலம்பஸுக்குப் போன மிச்சிகன் பேண்டு அதே பெயரைக் கூட்டெழுத்தாக மைதானத்தில் எழுதிக் காட்டியிருந்தது. யார் முதல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எதிரியின் பெயரை அழகாக எழுதிக் காட்டிய அந்த நாள் இரண்டு ஊருக்கும் பெருமை என்பதே எங்கள் கருத்து.

இந்த டிக்கெட்டின் பெரிய குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். கடுமையான எதிரி என்றால் டச்டவுன் குறைவு. டச்டவுன் குறைந்தால் பாட்டும் குறைவு. 2024இல் கொலம்பஸில் மிச்சிகன் 13–10 என்று வென்றபோது அடித்த டச்டவுன் ஒன்றே ஒன்று. 1950இல் பனிப்புயலில் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் ஒரு 'முதல் டவுன்' (நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறுவது) கூட எடுக்காமல், 24 முறை பந்தை உதைத்து விட்டுவிட்டு, 9–3 என்று வென்றது. அதிக விலை கொடுத்து வந்து ஒரே ஒருமுறை முஷ்டி உயர்த்திவிட்டுத் திரும்ப நேரலாம். இன்னொன்று, அமெரிக்கக் கல்லூரி ஸ்டேடியங்கள் பலவற்றிலும் இப்போது விளம்பர நிறுத்தங்களை ஒலிபெருக்கிப் பாட்டு பிடித்துக்கொள்கிறது. எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பதிவு இசைக்கு, இந்த ஊரில் மட்டுமே கேட்கக்கூடிய பேண்டு இடம் கொடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பாட்டுக்காகவே வருகிறவர்களுக்குச் செப்டம்பர் ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறோம். சிறிய எதிரணி, மலிவான டிக்கெட், இதமான வெயில், அதே முன்நிகழ்ச்சி, அதே டிரம் மேஜர், பாட்டு ஐந்தாறு முறையாவது. எதிரணிப் பேண்டும் வருகிறதென்றால் அவர்கள் பாட்டின் பிறப்பையும் தெரிந்துகொண்டு போங்கள், கேட்பது இரட்டிப்பாகும். மினசோட்டாவின் 'ரவுசர்' 1909இல் ஒரு மினியாபொலிஸ் நாளிதழ் நடத்திய போட்டியில் பரிசு வென்றது. அதே போட்டிக்கு வில்லியம் பர்டி எழுதிக்கொண்டிருந்த மெட்டை, நண்பர் கார்ல் பெக் அனுப்பவிடாமல் தடுத்து, புதிய வரிகள் எழுதி விஸ்கான்சினுக்குக் கொடுத்துவிட்டார். 'ஆன் விஸ்கான்சின்' பிறந்தது அப்படி. ஓக்லஹோமாவின் 'பூமர் சூனர்' மெட்டு யேலின் 'பூலா பூலா'விலிருந்து வந்தது. அந்த யேல் பாட்டோ பாப் கோல், பில்லி ஜான்சன் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் எழுதிய மேடைப் பாட்டிலிருந்து எடுத்தது. கல்லூரிகள் தங்கள் சொந்தம் என்று மார்தட்டும் பாட்டுகளில் பல இப்படி இரவல் மெட்டுதான். மினசோட்டா வந்தால், 1903இல் 6–6 சமநிலைக்குப் பின் மிச்சிகன் விட்டுவிட்டுப் போன தண்ணீர்க் குடுவை இன்னும் கோப்பையாகக் கைமாறுவதையும் பார்க்கலாம்.

போக்குவரத்து சுருக்கமாக. டெட்ராய்ட் விமான நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரம், ஆட்ட நாளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஸ்டேடியத்துக்கு எதிரேயுள்ள கோல்ஃப் புல்வெளியிலும் பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகத்திலும் காரை நிறுத்தி, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் கோல்ஃப் புல்வெளியைத் தவிருங்கள். சக்கரம் சேற்றில் சுழலும், வெளியே வர மணிக்கணக்காகும். நகர மையத்தில் விட்டுவிட்டு அரை மணி நேரம் நடந்து வருவது எல்லாவற்றிலும் நல்லது.

நடந்து வருகிறவர்களுக்கு இன்னொரு லாபம். பேண்டின் கட்டடமான ரெவல்லி ஹாலிலிருந்து அவர்கள் அணிவகுத்து ஸ்டேடியத்துக்குப் போவார்கள். சாலையோரத்தில் நின்றால் டிக்கெட் இல்லாமலே கேட்கலாம். ஆட்டத்துக்கே போக முடியாதவர்கள் சீசன் நேரத்தில் வார நாள் மாலையொன்றில் அவர்களின் பயிற்சி மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். அதன் பெயர் எல்பெல் ஃபீல்டு. வேலிக்கு வெளியே நின்றால் சூசஃபோன் வரிசை பத்து இருபது அடி தூரத்தில் திரும்பும். 'ஹெயில்' வருவதற்கு முந்தைய அரை அடியில் எல்லோரும் சேர்ந்து மூச்சிழுக்கும் சத்தம் தனியாகக் கேட்கும்.